டிஜிட்டல் வெளியில் சமூக ஆய்வு: எந்தக் கேள்விக்கு எந்த முறை?

நீண்டகால நோயுடன் வாழ்பவர்கள் இணையக் குழுக்களில் ஒருவரிடம் ஒருவர் ஆலோசனை கேட்பதையும், கிடைக்கும் ஆலோசனையை எந்த அளவுக்கு நம்பி நடக்கிறார்கள் என்பதையும் முதுகலை ஆய்வேட்டுக்காக ஆராயப் போவதாகச் சொல்லி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பதிவுகளை மொத்தமாகத் திரட்டிக் கணினியால் பகுத்தால் போதுமா, அல்லது குழுவுக்குள் இருந்து கவனிப்பதும் நேர்காணல் எடுப்பதும் வேண்டுமா? எத்தனை பதிவுகள் இருந்தால் மாதிரி போதுமானது? எவரும் படிக்கக்கூடிய இடத்தில் எழுதப்பட்டதை எடுத்துக்கொள்ள அனுமதி தேவையா? மூன்றாவது கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அதன் விடை மற்ற இரண்டின் விடைகளையும் மாற்றக்கூடியது என்பதால், ஆய்வை வடிவமைக்கத் தொடங்கும்போதே அது மேசையில் இருக்க வேண்டும்.

முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், கையில் கிடைக்கப்போகும் பொருள் எத்தகையது என்று பார்க்க வேண்டும். கேள்வித்தாள் கொண்டு நடத்தும் ஆய்வில் தரவை உருவாக்குபவர் ஆய்வாளரே. கேள்வியின் சொற்களும் யாரிடம் கேட்பது என்ற முடிவும் அவருடையவை. இணையப் பதிவு அப்படிப்பட்டதன்று. அது வேறொரு நோக்கத்துக்காக, வேறொருவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டு, ஒரு நிறுவனத்தின் வணிகத் தேவைக்கேற்பச் சேமிக்கப்பட்டு, தற்செயலாக நம் கைக்கு வந்து சேர்ந்த தடயம். அதில் மூவரின் கைவண்ணம் கலந்திருக்கிறது: எழுதிய மனிதர், எழுதவும் படிக்கவும் வழியமைத்த தளம், அதைத் திரட்டிய கருவி. ஒரு பதிவுக்கு நூறு லைக் விழுந்திருந்தால் அது நூறு பேரின் ஒப்புதலைக் காட்டுகிறதா, தளத்தின் நெறிநிரல் (அல்காரிதம்) அந்தப் பதிவைப் பலரின் திரையில் மேலே தூக்கி வைத்ததைக் காட்டுகிறதா, அதிக வரவேற்புப் பெற்றவற்றை முதலில் கொடுக்கும்படி நாம் எழுதிய தேடல் கட்டளையைக் காட்டுகிறதா என்பதைத் தடயம் தானாகச் சொல்வதில்லை. டிஜிட்டல் ஆய்வு முறைகள் என்று இன்று பேசப்படுபவற்றில் பெரும்பகுதி, இந்த மூன்று கைகளையும் பிரித்தறிவதற்கான முயற்சிகள்தாம் என்று நான் கருதுகிறேன். எந்த முறையை எடுத்தாலும் அது இந்தப் பிரித்தறிதலில் எதைச் செய்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

தளத்தின் கை எவ்வளவு நீளமானது என்பதைப் புதிய ஆய்வாளர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ட்விட்டர் 2015-இல் விருப்பக் குறியை நட்சத்திரத்திலிருந்து இதயமாக மாற்றியது. 2017-இல் பதிவின் எல்லையை 140 எழுத்துகளிலிருந்து 280 எழுத்துகளாக உயர்த்தியது. இது தெரியாமல் 2014 முதல் 2019 வரையிலான பதிவுகளை எடுத்து, மக்கள் முன்பைவிட விரிவாக எழுதுகிறார்கள் என்றோ மனம் திறந்து பாராட்டுகிறார்கள் என்றோ ஒருவர் முடிவுகட்டினால், அவர் மக்களை அளக்கவில்லை. நிறுவனத்தின் வடிவமைப்பு முடிவை அளந்திருக்கிறார். சமூகவியலாளர் மாத்யூ சால்கானிக் இத்தகைய நகர்வுகளை மூன்றாகப் பிரிக்கிறார்: தளத்தைப் பயன்படுத்துவோர் யார் என்பது மாறுகிறது, அவர்கள் பயன்படுத்தும் விதம் மாறுகிறது, தளமே மாறுகிறது. ஆண்டுகள் கடந்து ஒப்பிடும் எந்த ஆய்வும் மூன்றுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ். மக்கள் கூகுளில் தேடும் சொற்களைக் கொண்டு ஃப்ளூ காய்ச்சல் பரவலை மருத்துவக் கண்காணிப்பு அமைப்புகளுக்கு முன்னரே கணித்துவிடலாம் என்ற நம்பிக்கையுடன் 2008-இல் அது தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 5 கோடி தேடல் சொற்களிலிருந்து, ஃப்ளூ பரவலைக் காட்டும் வெறும் 1,152 தரவுப் புள்ளிகளோடு பொருந்துபவை தேர்ந்தெடுக்கப்பட்டன. அவ்வளவு பெரிய குவியலில் தேடினால் காய்ச்சலோடு தொடர்பே இல்லாமல் பருவத்தோடு மட்டும் ஏறி இறங்கும் சொற்களும் பொருந்தத்தான் செய்யும். டேவிட் லேசரும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் எழுதிய ஆய்வின்படி, 2011 ஆகஸ்ட் முதல் பார்த்த 108 வாரங்களில் 100 வாரங்கள் அந்தக் கணிப்பு உண்மை நிலையைவிட மிகைப்பட்டிருந்தது. தேடுபொறி தானே தொடர்புள்ள தேடல்களைப் பரிந்துரைக்கத் தொடங்கியதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். தளம் தூண்டிய தேடலை நோயின் அறிகுறியாகக் கணக்கிட்டால் இப்படித்தான் ஆகும். கூகுள் 2015-இல் அந்தக் கணிப்புகளை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது.

தடயத்தில் இல்லாதவையும் தரவுதான் என்பதைக் கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அழகாக நிறுவியது. சீனாவில் ஏறத்தாழ 1,400 சமூக ஊடகச் சேவைகளிலிருந்து பதிவுகளை அவை வெளியானவுடனேயே திரட்டிவைத்து, பின்னர் எவை காணாமற்போயின என்று திரும்பிச் சென்று பார்த்தார்கள். அரசைக் கடுமையாக விமர்சித்த பதிவுகள் பெரும்பாலும் தப்பின. விமர்சனமோ ஆதரவோ எதுவாயினும், மக்களைக் கூட்டாகத் திரட்டக்கூடிய நிகழ்வுகளைப் பற்றியவையே அதிகம் நீக்கப்பட்டன. ஓராண்டு கழித்து எஞ்சியதை மட்டும் திரட்டியிருந்தால் இந்த முடிவு கிடைத்திருக்காது. உங்கள் நோயாளர் குழுக்களிலும் நெறியாளர்கள் சில வகை ஆலோசனைகளை, குறிப்பாக மருந்தை நிறுத்தச் சொல்பவற்றை, உடனுக்குடன் நீக்கிவிடுவது வழக்கமாக இருக்கலாம். நீங்கள் பழைய பதிவுகளை மட்டும் திரட்டினால், மிகவும் பொறுப்பான ஒரு குழுவைக் கண்டதாக எழுதுவீர்கள். அந்தப் பொறுப்பு யாருடைய உழைப்பால் வந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

இனி மாதிரி. எத்தனை பதிவுகள் போதும் என்ற கேள்விக்கு எண்ணைச் சொல்லிப் பயனில்லை. பெரிய எண்ணிக்கை தற்செயலால் வரும் பிழையைக் குறைக்கும். ஒருபக்கச் சாய்வைக் குறைக்காது, மாறாகத் தவறான விடையின் மேல் நமக்குள்ள நம்பிக்கையை அதிகமாக்கும். இணையத்துக்கு வெகு முன்பே இது தெரிந்த செய்திதான். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரிகள் எடுக்கப்பட்டதும், திருப்பி அனுப்பியவர்கள் ஒரு சாராராக இருந்ததும் சேர்ந்து அந்தக் கணிப்பைக் கவிழ்த்தன. அதைவிடப் பன்மடங்கு சிறிய மாதிரியை வைத்திருந்த கருத்துக்கணிப்பாளர் கேலப் வென்றவரைச் சரியாகச் சொன்னார்.

ஆகவே நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது, யாரைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்ற ஒரு வாக்கியம். நோயாளர்களைப் பற்றியா, இணையம் பயன்படுத்தும் நோயாளர்களைப் பற்றியா, இந்தக் குழுவின் உறுப்பினர்களைப் பற்றியா, இந்தக் குழுவில் எழுதுகிறவர்களைப் பற்றியா? பதிவுகளை மட்டும் வைத்திருப்பவர் நான்காவதைத் தாண்டிப் பேச முடியாது. எழுதாமல் படித்துச் செல்பவர்கள் எங்கும் உண்டு. அவர்களின் பங்கு குழுவின் தன்மையைப் பொறுத்து வெகுவாக மாறும். பிளேர் நானெக்கும் ஜென்னி ப்ரீஸும் 2000-இல் மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடல் குழுக்களை ஆராய்ந்தபோது, மென்பொருள் உதவிக் குழுக்களில் 82 விழுக்காட்டினரும், உடல்நலக் குழுக்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினரும் மௌனமாகவே இருந்ததைக் கண்டார்கள். உங்கள் கேள்வியோ ஆலோசனையை நம்பி நடப்பதைப் பற்றியது. நம்பி நடந்தவர்களில் பலர் ஒரு சொல்லும் எழுதாமல் போயிருப்பார்கள் என்றால், எழுதப்பட்டவற்றை மட்டும் எண்ணி அந்தக் கேள்விக்கு விடை காண வழியில்லை. உங்கள் முதல் கேள்விக்கான விடையின் பாதி இங்கேயே கிடைத்துவிடுகிறது.

தேடல் சொல்லை வைத்தோ ஹேஷ்டேக்கை வைத்தோ மாதிரி எடுப்பது இன்னொரு பொறி. ஒரு ஹேஷ்டேக்கைப் போட்டு எழுதுகிறவர் அந்த விஷயத்தில் ஏற்கெனவே ஈடுபாடு கொண்டவர். அதைப் பற்றியே பேசிக்கொண்டு ஹேஷ்டேக்கைப் போடாதவர்கள் வலைக்கு வெளியே நிற்கிறார்கள். செய்னெப் துஃபெக்சி 2014-இல் இதை விளக்கியதோடு, பெயரைச் சொல்லாமல் சாடை பேசுவதும், இணைப்புக் கொடுக்காமல் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துப் போட்டுக் கேலி செய்வதும் கணினியின் கண்ணில் படுவதே இல்லை என்றும் சுட்டிக்காட்டினார். உங்கள் குழுக்களைப் பொறுத்தவரை, தனித்தனிப் பதிவுகளை அல்லாமல் உரையாடல் இழைகளை முழுதாக மாதிரிக்கு எடுப்பதே பொருத்தம். ஆலோசனை என்பது கேள்வி, பதில், மறுப்பு, நன்றி என்று தொடர்ந்து வருவது. அதில் நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுத்தால் அது ஆலோசனையா கிண்டலா என்பதே விளங்காது. வாரத்தின் எல்லா நாள்களும், பகலும் இரவும் இடம்பெறும்படி காலத்தைப் பிரித்து இழைகளைத் தேர்ந்தெடுங்கள். மிக அதிகமாக எழுதும் சிலரின் குரல் குழுவின் குரலாகிவிடாமலிருக்க, பதிவுகளின் எண்ணிக்கையோடு எழுதியவர்களின் எண்ணிக்கையையும் தனியே கொடுங்கள்.

திரட்டும் வழிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இவை அடிக்கடி மாறுகின்றன. வெளியார் எழுதும் நிரல்கள் தரவை நேரடியாக எடுத்துக்கொள்ளத் தளங்கள் தாமே திறந்துவிட்ட ஏபிஐ வாயில்களை நம்பி ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் வளர்ந்தார்கள். ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்களை அவர்களுக்குத் தெரியாமல் அரசியல் பிரசாரத்துக்கு எடுத்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018-இல் வெடித்தபின் ஃபேஸ்புக் அந்த வாயிலைப் பெரிதும் அடைத்தது. ட்விட்டர் 2021-இல் ஆய்வாளர்களுக்கெனத் தாராளமாகத் திறந்த வழியும் 2023-இல் மூடப்பட்டது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா வைத்திருந்த, பொதுப் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. மறுபுறம், ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் அதன் 40-ஆம் பிரிவில், ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிக்கு மேல் பயனர்களைக் கொண்ட தளங்கள் தகுதிபெற்ற ஆய்வாளர்களுக்குத் தரவை அளிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. மாணவர் ஒருவருக்கு இவற்றைவிட நம்பகமான வழி தரவுக் கொடை. தம்மைப் பற்றித் தளம் வைத்திருக்கும் பதிவுகளைப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி இப்போது பெரும்பாலான பயனர்களுக்கு உண்டு. அதை அவர்களே பெற்று, வேண்டாதவற்றை நீக்கி, மீதியை ஆய்வாளரிடம் விருப்பத்துடன் கொடுக்கிறார்கள். எண்ணிக்கை சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் எழுதாமல் படித்தவையும் அதில் ஓரளவு கிடைக்கும், கொடுத்தவரிடம் மேற்கொண்டு பேசவும் முடியும்.

இப்போது இனவரைவியலுக்கு, அதாவது மக்களோடு நீண்ட காலம் உடனிருந்து கவனித்து எழுதும் முறைக்கு, வருவோம். உங்கள் ஆய்வின் முதுகெலும்பு இதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இணையத்தையே ஒரு களமாகக் கொண்டு இனவரைவியல் செய்ய முடியுமா என்ற விவாதம் கால் நூற்றாண்டாக நடந்துவருகிறது. ஒரு முனையில் மானிடவியலாளர் டாம் போல்ஸ்டார்ஃப் இருக்கிறார். அவர் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் 2004 முதல் 2007 வரை களப்பணி செய்தபோது, அங்கு வாழ்பவர்களை அந்த உலகுக்குள்ளேயே, அவர்கள் அங்கு ஏற்ற உருவத்திலேயே சந்தித்தார். திரைக்கு வெளியே அவர்கள் யார் என்று தேடிப் போகவில்லை. அந்த உலகத்தை அதன் சொந்த விதிகளால் புரிந்துகொள்ள முடியும் என்பது அவர் நிலைப்பாடு. மறுமுனையில் டேனியல் மில்லரும் டான் ஸ்லேட்டரும் டிரினிடாடில் செய்த ஆய்வு, 2000-ஆம் ஆண்டிலேயே, இணையம் என்ற தனி உலகம் ஒன்று இல்லை, ஒவ்வொரு சமூகமும் தன் உறவுமுறைகளையும் கவலைகளையும் கொண்டு அதைத் தனதாக்கிக்கொள்கிறது என்று வாதிட்டது. பின்னர் மில்லரின் தலைமையில் ஒன்பது மானிடவியலாளர்கள் உலகின் ஒன்பது இடங்களில் தலைக்குப் பதினைந்து மாதம் தங்கிச் சமூக ஊடகப் பயன்பாட்டை ஆராய்ந்தபோது, ஒரே தளம் ஒவ்வோர் ஊரிலும் வெவ்வேறு காரியத்துக்குப் பயன்படுவது தெரியவந்தது. இரண்டில் எது சரி என்று பொதுவாகத் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. உங்கள் மனிதர்களுக்கு உடம்பு ஒன்று திரைக்கு வெளியே இருக்கிறது, அதில் நோய் இருக்கிறது, மாத்திரையை விழுங்குவதோ விடுவதோ அங்கேதான் நடக்கிறது. ஆகவே நீங்கள் மில்லரின் பக்கமே நின்றாக வேண்டும்.

குழுவுக்குள் இருந்து கவனிப்பது என்றால் சும்மா படித்துக்கொண்டிருப்பதன்று. கிறிஸ்டின் ஹைன் வலியுறுத்துவதுபோல், இணையம் அன்றாட வாழ்க்கையோடு பின்னிக் கிடப்பதால், ஓர் உரையாடல் எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்பதைப் பின்தொடர வேண்டியிருக்கிறது. பொது இழையில் கேட்கப்பட்ட கேள்வி தனிச்செய்திக்கு நகரும், அங்கிருந்து தொலைபேசிக்கு நகரும், சில நேரம் மருத்துவரின் அறைக்குள் ஓர் அச்சுத்தாளாகப் போய்ச் சேரும். தினமும் களக்குறிப்பு எழுதுங்கள். அதில் யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டுமின்றி, எந்தக் கேள்விக்கு எவரும் பதில் சொல்லவில்லை, யார் வந்தவுடன் மற்றவர்கள் அடங்கிப்போகிறார்கள், புதியவர்களுக்கு எந்த நகைச்சுவை புரிவதில்லை, நெறியாளர் எப்போது தலையிடுகிறார், உங்கள் திரையில் பதிவுகள் எந்த வரிசையில் வந்தன என்பவையும் இருக்க வேண்டும். ஒரு கணக்கைப் புதிதாகத் தொடங்கி, தளம் ஒவ்வொரு படியிலும் என்ன கேட்கிறது, எதை எளிதாக்குகிறது, எதை மறைத்துவைக்கிறது என்று திரை திரையாகக் குறித்துக்கொள்ளும் நடைவழி முறையும் உண்டு. இரண்டு மாலைப்பொழுதுகளில் செய்யக்கூடிய அந்த வேலை தளத்தின் கையை வியக்கத்தக்க தெளிவோடு காட்டிவிடும். தளங்களின் சொந்தப் பொருள்களான இணைப்பு, ஹேஷ்டேக், தேடல் வரிசை, திருத்த வரலாறு ஆகியவற்றையே ஆய்வுக் கருவிகளாக்கும் ஒரு மரபை ஆம்ஸ்டர்டாமில் ரிச்சர்ட் ராஜர்ஸ் வளர்த்திருக்கிறார். பொது விவாதங்களின் வரைபடத்தை அறிய அது மிகவும் ஏற்றது. நம்பிக்கை போன்ற அகச்செயலை அறிய அது அவ்வளவாக உதவாது.

நேர்காணல் அவசியம், ஆனால் நேர்காணலை மட்டும் நம்பாதீர்கள். தாம் எவ்வளவு நேரம் இணையத்தில் இருக்கிறோம் என்று மக்கள் சொல்வதற்கும் கருவி பதிவு செய்வதற்கும் உள்ள பொருத்தம் மிதமானதுதான் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியிருக்கிறது. இது பொய் சொல்வதால் வருவதன்று. துண்டு துண்டாகக் கழியும் நேரத்தை நினைவு கூட்டிப் பார்ப்பதில்லை. இதற்கு ஒரு நல்ல மாற்று, பங்கேற்பாளரும் நீங்களும் சேர்ந்து அமர்ந்து, அவருடைய பழைய பதிவுகளையும் சேமித்து வைத்தவற்றையும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்தபடி பேசுவது. பிரேடி ரோபார்ட்ஸும் சியான் லிங்கனும் ஃபேஸ்புக் பயன்படுத்தும் இளையோரிடம் இந்த முறையைக் கையாண்டார்கள். தடயம் நினைவைத் தூண்டும், நினைவு தடயத்துக்குப் பொருள் தரும். ஒரு பதிவுக்கு நன்றி என்று பின்னூட்டமிட்டவர், உண்மையில் அந்த ஆலோசனையைக் கடைப்பிடிக்கவே இல்லை, மனம் நோகக் கூடாதென்று நன்றி சொன்னேன் என்று கூறும் கணத்தில், நன்றிகளை எண்ணி நம்பிக்கையை அளக்கும் திட்டம் சரிந்துவிடும். அத்தகைய சரிவு ஆய்வின் தொடக்கத்திலேயே நேர்வது நல்லது.

காரணத்தை நிறுவ வேண்டுமானால், அதாவது இணையம் இன்னதைச் செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால், சோதனை முறைதான் வழி. ஒரே பாடல் பட்டியலைப் பல தனித்தனி உலகங்களில் 14,000-க்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்து, மற்றவர்களின் தேர்வு தெரியும்போது வெற்றி எவ்வளவு கணிக்கமுடியாததாகிறது என்று சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகியோர் 2006-இல் காட்டியது இதன் அழகிய வடிவம். பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை அணைத்துவைக்கச் சொன்ன 2018-ஆம் ஆண்டு அமெரிக்கச் சோதனை இன்னொன்று. மாறாக, ஆய்வாளர் தலையிடாத பெரிய கணக்கெடுப்புகளில் எப்படிப் பகுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடக்கூடும்: ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 3,55,358 பதின்பருவத்தினரின் தரவை நியாயமான எல்லா வழிகளிலும் பகுத்துப் பார்த்தபோது, மனநலனில் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டோடு இணைத்துச் சொல்லக்கூடியது அதிகபட்சம் 0.4 விழுக்காடே என்று கண்டார்கள். உங்கள் ஆய்வு காரணத்தை நிறுவ முற்படவில்லை. ஆகவே முடிவுரையில் 'விளைவு', 'தாக்கம்' ஆகிய சொற்கள் நுழையாமல் பார்த்துக்கொள்வதே போதுமானது.

கணினிப் பகுப்பாய்வை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான இழைகளில் எந்தப் பேச்சு எப்போது தலைதூக்குகிறது என்று காண அதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் முதலில் சில நூறு பதிவுகளை மனிதர் இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த உடன்பாட்டை அளக்கும் கிரிப்பெண்டார்ஃபின் ஆல்ஃபா அளவு 0.80-ஐத் தொட்டால் நம்பிச் செல்லலாம், 0.667-க்குக் கீழே போனால் வகைப்பாட்டின் வரையறையே தெளிவாக இல்லை என்று பொருள். மனிதர் இருவருக்கே உடன்பாடில்லாத ஒன்றை இயந்திரம் சரியாகச் செய்கிறது என்று கூறுவதில் அர்த்தமில்லை. சொற்பட்டியலை வைத்து உணர்ச்சியை அளக்கும் பழைய கருவிகள் நோயாளர் குழுக்களில் மிக மோசமாகத் தடுமாறும். 'வலி', 'இரத்தம்', 'இழப்பு' ஆகிய சொற்கள் அங்கே அன்றாடத் தகவல்கள், துயரத்தின் அடையாளங்கள் அல்ல. இரு மொழிகள் கலந்தும், ஒரு மொழியை வேறொரு மொழியின் எழுத்தில் எழுதியும் பேசுகிற குழுக்களில் பிழை இன்னும் கூடும். இப்போது பெரிய மொழி மாதிரிகளை (எல்எல்எம் எனப்படும் செயற்கை நுண்ணறிவு நிரல்களை) கொண்டு வகைப்படுத்துவது பரவலாகிவிட்டது. அவற்றின் வேலையையும் மனிதர் வகைப்படுத்திய, அந்த நிரலுக்குக் காட்டப்படாத ஒரு தொகுதியோடு ஒப்பிட்டுப் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுத வேண்டும். நிறுவனம் நிரலைப் புதுப்பித்தால் அதே கட்டளைக்கு வேறு விடை வரலாம் என்பதால் பதிப்பையும் நாளையும் குறித்துவைக்க வேண்டும். மற்றவர்களின் நோய் விவரங்களை வெளி நிறுவனத்தின் சேவைக்கு அனுப்புவது நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றிச் செய்யக்கூடாத காரியம்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பொதுவெளியில் இருப்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதம் சட்டப்படி சில இடங்களில் செல்லலாம். ஆய்வு நெறிப்படி அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அந்தரங்கத்தைப் பற்றி எழுதிய அறிஞர் ஹெலன் நிஸன்பாம் சொல்வதன் சாரம் இது: எந்தச் சூழலில் எந்த எதிர்பார்ப்போடு ஒரு தகவல் பகிரப்பட்டதோ, அந்த எதிர்பார்ப்பை மீறி வேறு சூழலுக்கு அது நகர்த்தப்படும்போது அந்தரங்கம் மீறப்படுகிறது. தன் நோயைப் பற்றிச் சக நோயாளர்களிடம் எழுதுகிறவர், தாம் எழுதுவது ஓர் ஆய்வேட்டில் மேற்கோளாகும் என்று நினைத்து எழுதுவதில்லை. இணைய ஆய்வாளர் சங்கம் 2002, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், ஒரே விதியைச் சொல்லாமல், ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு என்ன தீங்கு நேரக்கூடும் என்று கேட்கச் சொல்கின்றன.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை இரண்டு நிகழ்வுகள் உடைத்தன. 2006-இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் ஏறத்தாழ 6.5 லட்சம் பயனர்களின் 2 கோடித் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண்களிட்டு வெளியிட்டது. சில நாள்களிலேயே பத்திரிகையாளர்கள் ஒரு பயனரை அவர் தேடியவற்றைக் கொண்டே அடையாளம் கண்டு வீட்டில் சந்தித்துவிட்டார்கள். 2008-இல் ஒரு கல்லூரியின் ஒரு மாணவர் ஆண்டுத்தொகுதி முழுவதன் ஃபேஸ்புக் விவரங்கள் ஆய்வுத் தரவாக வெளியானபோது, கல்லூரியின் பெயர் மறைக்கப்பட்டிருந்தும் அது ஹார்வர்டு என்பது விரைவில் தெரிந்துபோயிற்று. மைக்கேல் ஸிம்மர் இதை ஆராய்ந்து, தரவைத் திரட்டிய உதவியாளர்களும் அதே பல்கலைக்கழக வலையமைப்பைச் சேர்ந்தவர்கள் என்பதால், உள்ளிருப்பவர்களுக்கு மட்டும் காட்டப்பட்ட விவரங்கள்கூடப் 'பொதுவெளி' என்ற பெயரில் எடுக்கப்பட்டிருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். 2012 ஜனவரியில் ஒரு வார காலம் 6,89,003 ஃபேஸ்புக் பயனர்களின் திரையில் வரும் பதிவுகளின் உணர்ச்சித் தொனியை அவர்களுக்குத் தெரியாமல் மாற்றிப் பார்த்த சோதனை, 2014-இல் வெளியானபோது எழுந்த கண்டனத்தையும் அறிந்திருப்பீர்கள். பயன்பாட்டு விதிகளை ஏற்றுக்கொண்டதையே ஒப்புதலாகக் கொண்டது அதன் அடிப்படைக் கோளாறு. கண்ட விளைவோ மிகச் சிறியது.

உங்கள் ஆய்வில் இதை நடைமுறைப்படுத்த, முதலில் நெறியாளர்களிடம் உங்கள் பெயரையும் நோக்கத்தையும் சொல்லி அனுமதி கேளுங்கள். அவர்கள் அனுமதித்தாலும், அது உறுப்பினர்களின் ஒப்புதல் ஆகிவிடாது; குழுவில் நீங்கள் இருப்பது தெரியும்படி அறிவிப்பு வையுங்கள், விலக விரும்புகிறவர்களின் பதிவுகளை எடுக்காதீர்கள். மூடிய குழுவாக இருந்து அனுமதி கிடைக்காவிட்டால் வேறு குழுவைப் பாருங்கள். பொய்க்கணக்கில் நுழைவதை இந்த ஆய்வில் எதைக் கொண்டும் நியாயப்படுத்த முடியாது. எழுதியவரின் சொற்களை அப்படியே மேற்கோள் காட்டினால் அதைத் தேடுபொறியில் இட்டு எவரும் மூலத்தை அடைந்துவிடலாம். ஆகவே நேர்காணலில் எழுத்துவழி ஒப்புதல் தந்தவர்களின் சொற்களை மட்டும் நேரடியாகக் கொடுத்து, மற்றவற்றைச் சுருக்கிச் சொல்லுங்கள். அனெட் மார்க்கம் முன்வைத்ததுபோல் பலரின் அனுபவங்களைக் கலந்து ஒரு மாதிரி உரையாடலை அமைத்துக் காட்டுவதும் ஏற்கத்தக்கதே, அப்படிச் செய்திருப்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகச் சொல்லும் வரை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஓராண்டுக்குள் முடிக்கக்கூடிய வடிவம் ஒன்று கிடைக்கிறது. இரண்டு குழுக்களை, நெறியாளர்களின் கண்டிப்பில் வேறுபடுபவையாகப் பார்த்து, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் எதையும் திரட்டாமல், களக்குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டு உள்ளே இருங்கள். வகைப்பாட்டுக்கான சொற்கள் அந்தக் குறிப்புகளிலிருந்து வர வேண்டும், முன்னரே எழுதப்பட்ட பட்டியலிலிருந்து அல்ல. அடுத்து, ஒப்புதல் ஏற்பாடுகள் முடிந்தபின், காலவாரியாகத் தேர்ந்தெடுத்த இழைகளைத் திரட்டுங்கள். ஒவ்வோர் இழையையும் முதல் நாளும் ஒரு வாரம் கழித்தும் பார்த்தால் நீக்கப்பட்டவை தெரியவரும். நீக்கப்பட்டதன் உள்ளடக்கத்தை வைத்துக்கொள்ளாமல் வகையையும் எண்ணிக்கையையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இருபது இருபத்தைந்து பேருடன் நேர்காணல் நடத்துங்கள். அவர்களில் குறைந்தது பாதிப்பேர் எழுதாமல் படிப்பவர்களாக இருக்க வேண்டும். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ஆய்வில் மிகக் கடினமான வேலை. குழுவில் அழைப்பை ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் வழக்கமாக எழுதுகிறவர்களே முன்வருவார்கள். ஆகவே முதலில் பேசியவர்களிடம், இந்தக் குழுவைப் படித்துவிட்டு வந்து உங்களிடம் அதைப் பற்றிப் பேசுகிறவர் யாராவது உண்டா என்று கேட்டு, அவர்கள் வழியாக அடுத்தவர்களை அடையுங்கள். அப்படித் தொடர்ந்து செல்லும்போது ஒரே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்க நேரலாம் என்பதால், தொடக்கப் புள்ளிகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு பேரிடமிருந்து எடுத்துக்கொள்வது நல்லது.